மறைந்த பாடகர்களையும் இசைக் கலைஞர்களையும் நினைவுகூர்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பாடகர் மறைந்தால் அடுத்த இரண்டு நாட்களுக்குக் கைபேசி முழுக்க அவர் குரல்தான். மூன்றாம் நாள் வேறு செய்தி வந்துவிடுகிறது. அந்த இரண்டு நாட்களிலும் அதற்குப் பிறகும் என்ன செய்யலாம், எதைத் தவிர்க்கலாம் என்று பலரும் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. எல்லாப் பதில்களுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: ஒரு கலைஞருக்கு ரசிகர்கள் செய்யக்கூடிய உண்மையான மரியாதை, அவர் செய்த வேலையைச் சரியாகவும், அதில் கூட நின்றவர்களின் பெயர் விடாமலும் சொல்வது.

நேரில் பார்த்ததே இல்லை. அப்படியிருந்தும் சொந்தக்காரர் ஒருவர் போனதுபோல் ஏன் இருக்கிறது?

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எஸ்.பி. பாலசுப்ரமணியம் 2020 செப்டம்பர் 25 அன்று மறைந்தபோது, தமிழில் அவர் பாடத் தொடங்கி ஐம்பது ஆண்டுகள் கடந்திருந்தன. அந்தக் குரல் இல்லாத பேருந்துப் பயணமோ கல்யாண மண்டபமோ பின்னிரவு வானொலியோ இரண்டு தலைமுறைகளுக்குத் தெரியாது. நமக்கு அவரைத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது. ஆனாலும் அது உறவுதான். டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956-லேயே இந்த ஒருபக்க நெருக்கத்தைப் பற்றி எழுதினார்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தினமும் வரும் ஒருவரிடம் நேயர்கள் கொள்ளும் பிணைப்பு எப்படி வளர்கிறது என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள்.

இன்னொன்றும் உண்டு. பாடகருக்காக வரும் கண்ணீரில் ஒரு பகுதி, அந்தப் பாட்டை நம்மோடு உட்கார்ந்து கேட்டவர்களுக்கானது. அப்பாவுக்குப் பிடித்த பாட்டைப் பாடியவர் போகும்போது, அப்பா போனதும் மறுபடி நினைவுக்கு வருகிறது. அழுகை வந்தால் அழலாம். பல வாரங்களாகியும் தூக்கமோ சாப்பாடோ சரியாகவில்லை என்றால், அந்தப் பாடகரின் மறைவு வேறொரு பழைய துக்கத்தைத் திறந்துவிட்டிருக்கலாம். நெருங்கிய ஒருவரிடமோ மருத்துவரிடமோ பேசுவது நல்லது.

இறந்த செய்தி உண்மையா என்று எப்படி உறுதிசெய்வது?

அவசரம் வேண்டாம். 2020 ஜூன் மாதம் எஸ். ஜானகி மறைந்துவிட்டார் என்று வதந்தி பரவியது. அன்று அதை மறுத்து, அவரிடம் நேரில் பேசினேன், நலமாக இருக்கிறார் என்று காணொளி வெளியிட்டவர் எஸ்.பி.பி. விசாரித்துத் தனக்கு வந்த அழைப்புகளைப் பற்றி அவர் வருத்தத்தோடு சொன்னார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, அவரே போய்விட்டார்.

2024 டிசம்பர் 15 அன்று தபலா மேதை ஜாகிர் உசேன் விஷயத்தில் நடந்தது இன்னும் கொடுமை. அவர் சான்பிரான்சிஸ்கோ மருத்துவமனையில் கவலைக்கிடமாக இருந்த நேரத்திலேயே இரங்கல் செய்திகள் உலகமெங்கும் போய்விட்டன. உயிரோடுதான் இருக்கிறார், அவருக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்று குடும்பத்தார் சொல்ல வேண்டியதாயிற்று. சில மணி நேரம் கழித்துத்தான் மறைவை அவர்கள் உறுதிப்படுத்தினார்கள். உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கும் ஒருவரின் வீட்டாரை அந்த நேரத்தில் மறுப்பு எழுத வைப்பது எவ்வளவு பெரிய துன்பம் என்று யோசித்துப் பாருங்கள்.

குடும்பத்தாரோ மருத்துவமனையோ சொன்னதை மேற்கோள் காட்டும் செய்தி வரும்வரை காத்திருங்கள். ஒரு பத்திரிகை இன்னொரு பத்திரிகையைச் சுட்டுவது உறுதிப்படுத்தல் ஆகாது. ஒரு மணி நேரம் தாமதமாக அஞ்சலி எழுதியதால் யாருக்கும் எந்தக் குறையும் வராது.

அஞ்சலிக் குறிப்பில் என்ன எழுதுவது? 'ஆழ்ந்த இரங்கல்' தாண்டி எதுவும் வரமாட்டேன் என்கிறது.

'ஈடு செய்ய முடியாத இழப்பு', 'இசையுலகின் சகாப்தம் முடிந்தது' போன்ற வரிகளில் தவறில்லை. ஆனால் பெயரை மாற்றினால் அவை யாருக்கும் பொருந்தும். அந்தக் கலைஞருக்கு மட்டுமே பொருந்தும் ஒரு வரி போதும். அதற்கு எளிய வழி, ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்வது. அதில் எந்த இடத்தில் உங்களுக்கு உடம்பு சிலிர்க்கிறது? பல்லவி முடிந்து சரணத்துக்குள் நுழையும் இடமா, ஒரு சொல்லை இழுத்து விடும் விதமா, சிரிப்பா, சின்ன விசும்பலா? அதைச் சொல்லுங்கள். கூடவே படம், ஆண்டு, இசையமைப்பாளர், பாடலாசிரியர், உடன் பாடியவர் ஆகிய பெயர்களையும் எழுதுங்கள்.

எஸ்.பி.பி. மறைந்த அன்று திரும்பத் திரும்ப ஒலித்தது 'ஆயிரம் நிலவே வா'. 1969-ல் வந்த 'அடிமைப் பெண்' படத்துப் பாட்டு. முதலில் 'ஓட்டல் ரம்பா' என்ற படத்துக்கு எல்.ஆர். ஈஸ்வரியோடு அவர் ஒரு பாட்டுப் பாடியிருந்தார். அந்தப் படம் வெளிவரவே இல்லை. 'ஆயிரம் நிலவே' பதிவாக வேண்டிய சமயத்தில் அவர் காய்ச்சலில் படுத்துவிட, எம்.ஜி.ஆர். வேறு பாடகரைத் தேடாமல் அவர் தேறி வரும்வரை காத்திருந்தார். இதை எஸ்.பி.பி. கடைசிவரை மேடைகளில் நன்றியோடு சொல்லிவந்தார். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். இசை கே.வி. மகாதேவன், உடன் பாடியவர் பி. சுசீலா என்பதும் ஓரளவு தெரியும். எழுதியவர்? புலமைப்பித்தன். அவர் 2021 செப்டம்பர் 8 அன்று மறைந்தார், எஸ்.பி.பி.யின் முதலாண்டு நினைவுநாள் வருவதற்குச் சில நாட்கள் முன்பு. அதே நிலவு அவருக்காக அந்த அளவுக்கு ஒலிக்கவில்லை. ஒவ்வொரு அஞ்சலிக் குறிப்பிலும் பாடலாசிரியர் பெயர் இருந்திருந்தால், அவர் போனபோதும் அந்தப் பாட்டு நமக்குத் தானாக நினைவுக்கு வந்திருக்கும்.

'கேளடி கண்மணி' (1990) படத்தின் 'மண்ணில் இந்தக் காதலன்றி' இன்னொன்று. மூச்சு விடாமல் பாடும் பாட்டு என்றே பேசப்படுகிறது. அதன் வரிகள் இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜனுடையவை. படம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் மறைந்துவிட்டார். ஒரு பாட்டுக்குள் இப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள்: மொத்தம் எத்தனை ஆயிரம் பாடல்கள் பாடினார் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். பத்திரிகைக்குப் பத்திரிகை அது மாறும், அதனால் கலைஞருக்கு எந்தப் பெருமையும் கூடுவதில்லை.

ஒருவர் பாடியதை இன்னொருவர் பாடியதாகப் பகிர்கிறார்கள். சரிபார்ப்பது எப்படி?

இந்தத் தவறால் அதிகம் பாதிக்கப்பட்டவர் பி. ஜெயச்சந்திரன். 2025 ஜனவரி 9 அன்று திருச்சூரில் அவர் மறைந்தபோது, 'இதெல்லாம் இவரா பாடினார், ஜேசுதாஸ் என்றல்லவா நினைத்திருந்தேன்' என்று எழுதியவர்கள் ஏராளம். 'வசந்தகால நதிகளிலே' (மூன்று முடிச்சு, 1976), 'மாஞ்சோலைக் கிளிதானோ' (கிழக்கே போகும் ரயில், 1978), 'கவிதை அரங்கேறும் நேரம்' (அந்த 7 நாட்கள், 1981), 'ராசாத்தி உன்ன', 'காத்திருந்து காத்திருந்து' (இரண்டும் வைதேகி காத்திருந்தாள், 1984), 'கத்தாழங் காட்டு வழி' (கிழக்குச் சீமையிலே, 1993) எல்லாம் அவர் குரல்தான். எம்.எஸ். விஸ்வநாதனில் தொடங்கி இளையராஜா வழியாக ஏ.ஆர். ரகுமான் வரை மூன்று காலத்து இசையிலும் அந்தக் குரல் உண்டு. நாற்பது ஆண்டுகள் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, பாடியவர் இறந்த அன்றுதான் பெயர் தெரிகிறது என்றால் அதில் எங்கோ பெரிய பிழை இருக்கிறது. நேயர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. வானொலியும் தொலைக்காட்சியும் படத்தின் பெயரையும் நாயகன் பெயரையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டன.

இசைச் செயலிகளில் வரும் பெயர்களை அப்படியே நம்பவேண்டாம். சிலவற்றில் இசையமைப்பாளர் பெயர் மட்டுமே இருக்கும். சிலவற்றில் அந்தப் படத்தில் பாடிய எல்லோருடைய பெயரும் எல்லாப் பாட்டிலும் ஒட்டியிருக்கும். இசைத்தட்டின் உறை, கேசட்டின் உள்தாள், படம் வெளியானபோது கொட்டகைகளில் விற்ற பாட்டுப் புத்தகம் ஆகியவற்றுக்கு நம்பகத்தன்மை அதிகம். சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பழைய பாட்டுப் புத்தகங்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். படம் தொடங்கும்போது திரையில் ஓடும் பெயர்களில் பாடகர் பட்டியல் இருக்கும், ஆனால் எந்தப் பாட்டை யார் பாடினார் என்று பிரித்திருக்காது. இரண்டு மூன்று இடங்களில் ஒத்துப்போனால் எழுதுங்கள். ஒத்துப்போகாவிட்டால் வேறு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

மறைந்த பிறகுதான் ஒருவரைக் கேட்கத் தொடங்குகிறேன். எங்கே தொடங்கலாம்?

எல்லோரும் பகிரும் இரண்டு பாட்டில் தொடங்கி, அங்கிருந்து விலகி நடங்கள். வாணி ஜெயராமை எடுத்துக்கொள்வோம். 'மல்லிகை என் மன்னன் மயங்கும்' (தீர்க்கசுமங்கலி, 1974) வாலி எழுதி எம்.எஸ்.வி. இசையமைத்தது, அதிலிருந்து தொடங்கலாம். அடுத்து, முதல் தேசிய விருதைப் பெற்றுத் தந்த 'ஏழு ஸ்வரங்களுக்குள்' (அபூர்வ ராகங்கள், 1975). பிறகு மொழி தாண்டுங்கள். இந்தியில் 'குட்டி' (1971) படத்தின் 'போலே ரே பப்பீஹரா', தெலுங்கில் தேசிய விருது பெற்ற 'சங்கராபரணம்', 'சுவாதி கிரணம்'. வேலூரில் பிறந்த ஒருவர் இந்தியில் முதலில் புகழ்பெற்று, பிறகு தமிழுக்கு வந்து நிலைத்தார். அந்த வரிசையில் கேட்டால், அவர் ஏன் எந்த மொழியிலும் வெளியூர்க்காரர்போல் ஒலிக்கவில்லை என்பது காதுக்கே புரியும்.

ஒரே நாளில் கேட்டு முடிக்க வேண்டியதில்லை.

பெரிய பாடகர்களுக்கு எல்லோரும் அஞ்சலி செலுத்துகிறார்கள். மற்றவர்களுக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு, அதனால்தான் இதற்கு நீளமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

பரவை முனியம்மா 2020 மார்ச் 29 அன்று மறைந்தார். நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன; வந்து நிற்க நினைத்தவர்கள்கூட வர முடியாத நேரம். 'தூள்' (2003) படத்தில் அவர் பாடிய 'சிங்கம்போல' பலருக்கும் நினைவிருக்கும், ஆனால் அதற்கு முன்பே கிராமிய மேடைகளில் நீண்ட காலம் பாடியவர் அவர். சிவகங்கைச் சீமையின் கொல்லங்குடி கருப்பாயி 2025 ஜூன் மாதம் மறைந்தார். 'ஆண்பாவம்' (1985) படத்துப் பாட்டி என்று சொன்னால்தான் பலருக்கு முகம் தெரிகிறது; அடிப்படையில் அவர் நாட்டுப்புறப் பாடகி. இவர்கள் பாட்டில் பெரும்பகுதி இசைத்தட்டில் ஏறவே இல்லை. நினைவில் இருப்பவர்கள் சொன்னால்தான் உண்டு. அவர்கள் பாடியதை நேரில் கேட்டவர்கள் எந்த ஊர், எந்த நிகழ்ச்சி, என்ன பாட்டு என்று எழுதி வைத்தால், அதுவே நாளைக்கு ஆவணம்.

அடுத்து வாத்தியக் கலைஞர்கள். இளையராஜாவின் குழுவில் பல ஆண்டுகள் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன் 2020-ல் மறைந்தார். அவர் தாளத்துக்குத் தலையாட்டாத தமிழர் இருக்க முடியாது, பெயர் தெரிந்தவர்களோ மிகக் கொஞ்சம். ஜாகிர் உசேனுக்கு அஞ்சலி எழுதிய பலர், எழுபதுகளில் ஜான் மெக்லாலின், எல். சங்கர் ஆகியோரோடு 'சக்தி' குழுவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கடம் வாசித்த விக்கு விநாயக்ராமின் பெயரை விட்டுவிட்டார்கள். ஜாகிரின் தபலா என்ன கேட்டது, அந்தக் கடம் என்ன பதில் சொன்னது என்று சேர்த்துக் கேட்டால்தான் அந்த இசை முழுமையாகும்.

2022 செப்டம்பர் தொடக்கத்தில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இருவர் போனார்கள்: மதுரை மணி ஐயரின் மருமான், கர்நாடக இசைப் பாடகர் டி.வி. சங்கரநாராயணன், '2.0' படத்தின் 'புள்ளினங்காள்' பாடிய பம்பா பாக்யா. ஒருவரின் ரசிகர்களுக்கு மற்றவரைத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. இரண்டு அஞ்சலியையும் படித்தவர்களுக்கு இரண்டு உலகமும் கிடைத்தது.

இறப்பின் காரணம் பற்றிப் பேசலாமா?

குடும்பம் சொன்ன அளவுக்கு மட்டும். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார், மறுநாள் நெஞ்சுவலி, 17-ந்தேதி அதிகாலை மறைந்தார். தடுப்பூசிதான் காரணம் என்று பேச்சு பரவி, எத்தனையோ பேர் ஊசி போடத் தயங்கினார்கள். பின்னர் தேசிய அளவிலான நிபுணர் குழு ஆராய்ந்து, மாரடைப்புக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று முடிவு சொன்னது. மக்களிடம் நம்பிக்கை வளரட்டும் என்று வெளிப்படையாக ஊசி போட்டுக்கொண்ட ஒருவரின் மரணமே பயத்தைப் பரப்பப் பயன்பட்டது. எஸ்.பி.பி. மறைந்த சில நாட்களில் மருத்துவமனைக் கட்டணம் பற்றிக் கிளம்பிய வதந்திகளை மறுக்க, துக்கத்தில் இருந்த மகன் சரண் கேமராவுக்கு முன்னால் வரவேண்டியதாயிற்று.

தற்கொலை என்றால் இன்னும் கவனம் தேவை. அமெரிக்க நடிகர் ராபின் வில்லியம்ஸ் 2014-ல் அப்படி இறந்த பிறகு, அடுத்த சில மாதங்களில் அங்கே தற்கொலைகள் வழக்கத்தைவிட ஏறத்தாழ 10 விழுக்காடு கூடியதாக ஆய்வு காட்டியது. எப்படி இறந்தார், எங்கே, கடிதத்தில் என்ன இருந்தது என்ற விவரங்களை எழுதாதீர்கள். 'இதுதான் காரணம்' என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். உதவி தேவைப்படுவோருக்காகத் தமிழ்நாட்டின் 104, நாடு முழுமைக்குமான டெலி மனாஸ் 14416 ஆகிய எண்களைச் சேர்த்துப் போடுங்கள்.

இறுதிச் சடங்குக் காட்சிகளைப் பகிரலாமா?

வேண்டாம். பொது அஞ்சலிக்கு வைத்த இடத்தில் எடுத்த படம் வேறு. பெற்ற பிள்ளையோ மனைவியோ கதறும் முகத்தைக் கிட்டத்தில் எடுத்த படம் வேறு. அவர் பாடகராக நமக்குச் சொந்தம், அவர் வீட்டாரின் அழுகை நமக்குச் சொந்தமல்ல.

செயற்கை நுண்ணறிவு மூலம் மறைந்தவரின் குரலைத் திரும்பக் கொண்டுவருவது சரியா?

மூன்று நிகழ்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

2024-ல் 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாடலில் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலும் இப்படி உருவாக்கப்பட்டன. சாகுல் ஹமீது 1997-லேயே விபத்தில் இறந்தவர். 'ராசாத்தி என் உசுரு' பாடியவர். இரு குடும்பங்களிடமும் அனுமதி பெற்று, தகுந்த ஊதியமும் கொடுத்ததாக ஏ.ஆர். ரகுமான் அறிவித்தார்.

அதே ஆண்டு ஜனவரி 25 அன்று பவதாரிணி மறைந்தார், வயது 47. 'பாரதி' (2000) படத்தில் மு. மேத்தா எழுதிய 'மயில் போல பொண்ணு ஒண்ணு' பாடித் தேசிய விருது பெற்றவர். சில மாதங்களில் வந்த 'கோட்' படத்தின் 'சின்னச் சின்னக் கண்கள்' பாட்டில் அவர் குரல் செயற்கை நுண்ணறிவு வழியாக ஒலித்தது. இசையமைத்தவர் அவருடைய தம்பி யுவன் சங்கர் ராஜா.

மூன்றாவது, 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படம். எஸ்.பி.பி.யின் குரலைத் தங்கள் அனுமதியில்லாமல் இப்படி உருவாக்கியதாக எஸ்.பி. சரண் வழக்கறிஞர் வழியாக அறிவிப்பு அனுப்பினார்.

முதல் இரண்டிலும் கேட்டுச் செய்தார்கள் அல்லது வீட்டாரே செய்தார்கள். மூன்றாவதில் கேட்கவில்லை என்பது குற்றச்சாட்டு. என் கருத்து இதைவிடக் கொஞ்சம் கடுமையானது. குடும்பம் ஒப்புக்கொண்டாலும், ஒரு பாடகர் எந்தப் பாட்டைப் பாடச் சம்மதிப்பார், எந்த வரியை மாற்றச் சொல்வார், எங்கே ஒரு சங்கதியை, அதாவது மெட்டில் ஒரு சிறு நெளிவை, தானாகப் போடுவார் என்பதை யாராலும் அவருக்காகத் தீர்மானிக்க முடியாது. பாடகரின் கலை தொண்டையில் மட்டும் இல்லை, அந்தத் தீர்மானங்களிலும் இருக்கிறது. அக்காவின் குரலுக்காக ஏங்கும் தம்பியை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ரசிகர்கள் பொழுதுபோக்காக, 'எஸ்.பி.பி. இந்தப் புதுப்பாட்டைப் பாடியிருந்தால்' என்று செய்து பரப்பும் காணொளிகளை நான் கேட்பதில்லை, பகிர்வதுமில்லை. அவை தேடல்களில் அவருடைய உண்மையான பாடல்களோடு கலந்துவிடுகின்றன. இன்னும் இருபது ஆண்டு கழித்துக் கேட்கும் பிள்ளைக்கு எது அவர் பாடியது என்று எப்படித் தெரியும்?

சட்டம் இதில் தெளிவாக இல்லை. மறைந்த இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் தொடர்பான வழக்கில் 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றம், பெயர், உருவம், குரல் போன்றவற்றின் மீது ஒருவருக்கு உள்ள ஆளுமை உரிமைகள் அவரோடு முடிந்துவிடுகின்றன, வாரிசுகளுக்குப் போவதில்லை என்று கூறியது. சட்டம் தடுக்காத இடத்தில் நம் மனசாட்சிதான் தடுக்க வேண்டும்.

அவர் பாடல்களை வைத்து நினைவுக் காணொளி செய்யலாமா? நினைவுக் கச்சேரி நடத்தலாமா?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாடல் வரிக்கும் மெட்டுக்கும் அவற்றை உருவாக்கியவர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். ஆகவே பாடகர் மறைந்ததால் பாட்டு பொதுச்சொத்தாகிவிடாது. முழுப் பாட்டையும் ஏற்றினால் நீக்கப்படலாம். விமர்சனமாகப் பேசி, நடுவில் சிறு பகுதியை மட்டும் ஒலிக்கவிடுவதற்குச் சட்டம் ஓரளவு இடம் தருகிறது. பொதுமேடையில் கச்சேரி நடத்த, பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் உரிமம் வழங்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பை அணுகவேண்டும். அந்தக் கட்டணத்தில் ஒரு பகுதி எழுதியவர், இசையமைத்தவர் குடும்பங்களுக்குப் போய்ச்சேர்வதால், அதைச் செலவாக நினைக்காதீர்கள்.

மறைந்தவரின் தவறுகளைப் பற்றிப் பேசலாமா?

அவரால் காயப்பட்டவர்கள் இருந்தால், 'இறந்தவரைப் பற்றிப் பேசாதே' என்று அவர்கள் வாயை அடைப்பது நியாயமில்லை. பாட்டையும் நேசிக்கலாம், நடந்ததையும் ஒப்புக்கொள்ளலாம். அதே சமயம், மறைந்த அன்றைக்கே பழைய சண்டைகளைத் தூசி தட்டி எடுத்துப் பார்வையாளர் எண்ணிக்கை சேர்ப்பவர்களுக்கு நீதியில் அக்கறை இல்லை.

சிலை, சாலைப் பெயர், நினைவு மண்டபம் எல்லாம் தேவையா?

சாலைக்குப் பெயர் வைப்பது நல்ல காரியம். நுங்கம்பாக்கத்தில் எஸ்.பி.பி. வாழ்ந்த காம்தார் நகர்ச் சாலைக்கும் விருகம்பாக்கத்தில் விவேக் வாழ்ந்த சாலைக்கும் அவர்கள் பெயர் சூட்டப்பட்டது. முகவரி எழுதும் ஒவ்வொரு முறையும் ஒரு பெயர் உச்சரிக்கப்படுகிறது.

ஆனால் என்னை அதிகம் தொடுபவை, அவர்கள் தொடங்கியதைத் தொடர்ந்த நினைவுகள். அப்துல் கலாம் சொன்னதை ஏற்று ஒரு கோடி மரம் நடுவேன் என்று விவேக் கிளம்பினார். அவர் போன வாரத்தில் ஊர் ஊராக மரக்கன்று நட்டார்கள். கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று 46 வயதில் இறந்தார். அவர் கண்கள் தானமாகக் கொடுக்கப்பட்டன. கருவிழியை அடுக்கடுக்காகப் பிரித்துப் பொருத்தும் முறையால் அந்த இரண்டு கண்கள் நான்கு பேருக்குப் பார்வை தந்தன. அதைப் பார்த்துக் கர்நாடகத்தில் கண்தானத்துக்குப் பதிவுசெய்தவர்கள் பெருகினார்கள். அவருடைய தந்தை ராஜ்குமாரும் கண்தானம் செய்தவர்தான்.

வீட்டில் பழைய கேசட்டுகளும் இசைத்தட்டுகளும் கிடக்கின்றன. அவற்றால் பயன் உண்டா?

மிகப் பெரிய பயன் உண்டு, குறிப்பாகக் கோயில் திருவிழாக் கச்சேரி, கல்யாணக் கச்சேரி, வானொலிப் பேட்டி என்று யாரோ தனியாகப் பதிவு செய்தவை இருந்தால். அவற்றுக்கு வேறு பிரதியே இருக்காது. காந்த நாடாவுக்கு வெப்பமும் ஈரமும் எதிரி. நிமிர்த்தி, உறைக்குள், ஒலிபெருக்கி போன்ற காந்தப் பொருள்களிலிருந்து தள்ளி வையுங்கள். பூஞ்சை படிந்த நாடாவை உடனே ஓட்டாதீர்கள். நாடாவும் கெடும், கருவியின் முனையும் கெடும். கணினிக்கு மாற்றும்போது முதல் ஓட்டத்திலேயே பதிவு செய்துவிடுங்கள், ஏனென்றால் சில நாடாக்கள் இரண்டாம் முறை ஓடாது. சுருக்கப்படாத கோப்பாகச் சேமித்து, இரண்டு இடங்களில் வையுங்கள்.

உள்தாளையும் இருபுறம் படமெடுத்து வையுங்கள். பாடகர், பாடலாசிரியர், சில சமயம் வாத்தியக்காரர் பெயர்கூட அதில்தான் இருக்கும்.

பிறந்தநாளில் நினைவுகூர்வதா, இறந்த நாளிலா?

எஸ்.பி.பி.க்கு ஜூன் 4, வாணி ஜெயராமுக்கு நவம்பர் 30 என்று பிறந்தநாளையே நான் தேர்ந்தெடுப்பேன். இறந்த நாளில் பேச்சு மருத்துவமனைக்குப் போய்விடுகிறது, பிறந்தநாளில் பாட்டில் நிற்கிறது.

உயிரோடு இருக்கும் மூத்த கலைஞர்களுக்கு என்ன செய்யலாம்?

வாணி ஜெயராமுக்குப் பத்மபூஷண் அறிவித்தது 2023 ஜனவரி 25 அன்று. பிப்ரவரி 4 அன்று அவர் மறைந்துவிட்டார். விருது கொடுப்பது அரசின் கையில் இருக்கிறது. கேள்வி கேட்பது நம் கையில் இருக்கிறது. உங்கள் ஊரில் பழைய இசைக்குழுவில் வயலினோ தவிலோ வாசித்தவர், மெல்லிசை மேடையில் பாடியவர் யாராவது நிச்சயம் இருப்பார். அவர் சம்மதித்தால் கைபேசியிலேயே குரலைப் பதிவு செய்யுங்கள். பொதுவாக 'உங்கள் அனுபவம்' என்று கேட்டால் பொதுவான பதிலே வரும். எந்தப் பாட்டில் வாசித்தீர்கள், எந்த ஒலிப்பதிவுக் கூடம், அன்று குழுவை நடத்தியவர் யார், பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் வாசித்தீர்களா, எத்தனையாவது டேக் சரியாக வந்தது, சம்பளம் அன்றைக்கே கிடைத்ததா, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் யார் என்று கேளுங்கள். பழைய புகைப்படம் இருந்தால் ஒவ்வொருவரையும் விரலால் காட்டிப் பெயர் சொல்லச் சொல்லி, அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.